ஆறு வருடம் பாக்ஸ்டர் எஸ் ஓட்டிய பிறகு: அந்த பேரிங்கைப் பற்றி

போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 2001 மாடல், 986 என்று சொல்லப்படும் முதல் தலைமுறை, 3.2 லிட்டர் என்ஜின், கையால் மாற்றும் ஆறு கியர். வாங்கும்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,48,000. இந்த வண்டி வைத்திருக்கிறேன் என்று கார் தெரிந்த யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "பேரிங் மாத்தியாச்சா?" வளைவில் எப்படிப் போகிறது, பிரேக் எப்படி, முதுகு வலிக்கிறதா, எதுவும் கேட்பதில்லை. துக்கம் விசாரிப்பது மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு பேரிங்கைத்தான் கேட்கிறார்கள். என்ஜினுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேரிங் அது, உடைந்தால் என்ஜினே போய்விடும், எப்போது வேண்டுமானாலும் உடையும் என்று ஒரு பேச்சு.

அதனால் இந்த விமர்சனத்தில் பாதி வண்டியைப் பற்றி, பாதி அந்தக் கேள்வியைப் பற்றி. பாதி என்று சொன்னாலும் இரண்டாவது பாதி பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஆறு வருடத்தில் வண்டியை ஓட்டிய நேரத்தை விட அதன் என்ஜினைப் பற்றிப் படித்துப் பயந்த நேரம் எனக்கு அதிகம்.

வண்டி முதலில். 252 குதிரைத்திறன் என்பது இன்றைக்குப் பெரிய எண் இல்லை, மின்சார வண்டிகள் வந்த பிறகு நேர் சாலையில் சாதுவான குடும்பக் கார்கள்கூட இதை முந்திவிடும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.9 வினாடி என்று நிறுவனம் சொன்னது, அதை நான் அளந்து பார்த்ததில்லை, அளக்கத் தோன்றியதும் இல்லை. ஆனால் எடை 1,300 கிலோவுக்குச் சற்றுக் கீழே, என்ஜின் முதுகுக்குப் பின்னால் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் தாழ்வாகப் படுத்திருக்கிறது, ஸ்டீயரிங்கில் சாலையின் சொரசொரப்பு அப்படியே கைக்கு வருகிறது. வளைவுக்குள் திருப்பினால் முன்பக்கம் தயங்காமல் உள்ளே போகும், பின்பக்கம் கூடவே வரும். நாம் என்ன தப்பு செய்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடும், அது எனக்குப் பிடித்த குணம். 4,500 சுழற்சி வரை சும்மா முனகிக்கொண்டிருக்கும் என்ஜின், அதற்கு மேலே போகப்போக குரலை மாற்றிக்கொண்டு 7,000 தாண்டும் வரை ஏறும். கூரையை மடித்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் வேண்டுமென்றே ஒரு கியர் குறைத்து ஓட்டியிருக்கிறேன், தினமும் என்று சொன்னால் பொய் இல்லை.

பிடிக்காதவையும் உண்டு. உள்ளே பிளாஸ்டிக் மட்டம், அந்தக் காலத்து விலை குறைந்த சிறிய கார்களில்கூட இதை விட நல்லது பார்த்திருக்கிறேன். 2003க்கு முந்தைய வண்டிகளில் பின் ஜன்னல் கண்ணாடி இல்லை, வளையும் பிளாஸ்டிக். கூரையை மடிக்கும்போது பாதி வழியில் நிறுத்தி, இறங்கிப் போய், கையால் சரியாக மடித்து விடவேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடம் வெளுத்துப் போகும், குளிர் காலத்தில் கிழியவும் கூடும். 12 வினாடியில் திறக்கும் கூரை என்று பெருமையாகச் சொல்வார்கள், இந்தச் சடங்கைச் சேர்த்தால் ஒரு நிமிடம். முன்விளக்கைப் பொரித்த முட்டை என்று கேலி செய்வார்கள், அதே விளக்குதான் போர்ஷேயின் விலை கூடிய வண்டியான அந்தக் காலத்து 911இலும் இருந்தது, அதைச் சொன்னால் 911காரர்களுக்குக் கோபம் வரும்.

சரி, என்ஜினுக்கு வருவோம். இந்த வண்டியில் என்ஜினைப் பார்க்கவே முடியாது, இது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் எனக்கு இதுதான் பாதிக் காரணம் என்று படுகிறது. முன்னால் திறந்தால் ஒரு டிக்கி, பின்னால் திறந்தால் இன்னொரு டிக்கி. பின் டிக்கியில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, ஆயில் மட்டம் பார்க்க ஒரு குச்சி, அவ்வளவுதான் உரிமையாளருக்குக் கொடுத்திருப்பது. மற்றதைப் பார்க்க வேண்டுமானால் கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, இருக்கைக்குப் பின்னாலிருக்கும் மூடியைக் கழற்றி, கம்பளத்தை உரித்து, அப்புறமும் ஒரு பெல்ட்டும் இரண்டு மூன்று கப்பியும்தான் தெரியும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் மனசு என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள்ளும். வேறு வண்டியில் ஒரு சத்தம் வந்தால் பானட்டைத் திறந்து எட்டிப் பார்ப்போம். இதில் சத்தம் வந்தால் இணையத்தைத் திறக்கிறோம்.

வதந்தியின் உள்ளே இருக்கும் உண்மை என்ன என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 1996இல் பாக்ஸ்டரிலும் அடுத்த வருடம் 996 எனப்படும் 911இலும் வந்த எம்96 என்ற நீர்க் குளிர்விப்பு என்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளை நேரடியாகச் சுற்றுவதில்லை. நடுவில் ஒரு தரகர் மாதிரி இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று கீழே ஓடுகிறது. கிராங்கிலிருந்து செயின் வழியாக அதற்குச் சுழற்சி வரும், அதன் இரண்டு முனைகளிலிருந்தும் வேறு செயின்கள் இரு பக்க சிலிண்டர் வரிசைகளின் கேம்களுக்குப் போகும். அந்த ஷாஃப்டின் ஒரு முனை ஆயில் பம்ப் பக்கத்தில் சாதாரண புஷ் மாதிரியான பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. கிளட்ச் பக்கத்து முனையில்தான் வில்லங்கம். அங்கே இரு பக்கமும் ரப்பர் சீல் வைத்து மூடி, உள்ளே கிரீஸ் அடைத்த பால் பேரிங் ஒன்றைப் போட்டார்கள், ஆயுள் முழுக்க அந்த கிரீஸே போதும் என்ற கணக்கில்.

கணக்கு எங்கே தப்பியது என்றால், அந்த பேரிங் உட்கார்ந்திருப்பது சூடான என்ஜின் ஆயிலுக்கு நடுவில். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து சீல் இறுகிப்போக, ஆயில் மெல்ல உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்து எடுத்துவிடுகிறது. உள்ளே போன ஆயில் சுலபமாக வெளியே வருவதில்லை, புது ஆயிலும் போவதில்லை, பழைய அழுக்கு ஆயில் அங்கேயே தேங்கிக் கிடக்கிறது. அந்தச் சொற்பத்தில் பேரிங் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் ஒரு நாள் தேய்ந்து ஆட ஆரம்பிக்கிறது, ஷாஃப்ட் ஆடினால் செயின் ஆடும், செயின் ஆடினால் வால்வு திறக்கும் நேரம் பிசகும், பிஸ்டன் போய் வால்வில் மோதும், கதை முடிந்தது. புது என்ஜின்தான். இதில் எந்த மிகையும் இல்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரையிலான காலத்து வண்டிகளுக்கானது அது. அந்த வழக்கையொட்டி இன்றுவரை எல்லோரும் எடுத்தாளும் கணக்கு, ஒற்றை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பழுதாகும், அதற்கு முந்தைய இரட்டை வரிசை பேரிங்கில் ஏறக்குறைய 1.

இந்த 8 என்ற எண்ணைப் பாருங்கள், எனக்கு இதில்தான் ரொம்ப நாள் வேடிக்கை. விற்கிறவர் "வெறும் எட்டுதான், 92 வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பார். வாங்குகிறவர், அல்லது வாங்குவது போல் நடித்து விலையைக் குறைக்க வந்தவர், "பன்னிரண்டில் ஒன்று, என்ஜினே போய்விடும்" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஒரு கதவுக் கைப்பிடி நூற்றுக்கு எட்டு உடைந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஒரு என்ஜின் நூற்றுக்கு எட்டு சிதறுவது என்பது வடிவமைப்பில் வெட்கப்பட வேண்டிய விஷயம். அதே நேரம், நீங்கள் பார்க்கப் போகும் ஒரு வண்டி நாளைக்கே சிதறும் என்பதற்கும் அது ஆதாரம் இல்லை. எண்ணை யாரும் மாற்றவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது.

இன்னொன்று, ஒன்றும் ஆகாதவர் எழுதுவதில்லை. "இன்றும் வண்டி ஓடியது" என்று ஆறு வருடம் தினமும் யார் எழுதுவார்? உடைந்தவர் எழுதுவார், படத்தோடு எழுதுவார், அந்தப் படம் பத்து வருடம் சுற்றும். ஒரே படத்தை மூன்று வேறு கதைகளோடு நானே பார்த்திருக்கிறேன், ஒன்றில் 40,000 கிலோமீட்டரில் உடைந்தது, இன்னொன்றில் 1,40,000, மூன்றாவதில் அது பாக்ஸ்டரே இல்லை, 911. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் வெந்த சோற்றுக்கு. ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி ஓட்டிய வண்டியும், இன்னொருவர் கூடாரம் போட்டு மூடி வருடத்துக்கு நாலு நாள் எடுத்த வண்டியும் ஒரே அடுப்பு இல்லை.

அந்த நாலு நாள் வண்டியைப் பற்றித்தான் வதந்தி நேர் எதிராகப் பேசுகிறது. குறைவாக ஓடிய வண்டி தேடுங்கள் என்பார்கள். இந்த என்ஜினை உள்ளும் புறமும் பார்த்தவர்கள் பெரும்பாலும் மாற்றிச் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. நின்றே கிடக்கும் வண்டியில் ஆயில் ஈரம் பிடிக்கும், கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டி அணைத்தால் அந்த ஈரம் ஆவியாகப் போகும் அளவுக்குச் சூடும் ஏறாது, பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் அந்த பேரிங்கைச் சுற்றியே தேங்கி நிற்கும். கையேடு ஆயில் மாற்ற 20,000 கிலோமீட்டர், பிறகு வந்த வண்டிகளில் அதற்கு மேலும் கூட, இடைவெளி கொடுத்தது. நான் 8,000 அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது. எந்த ஆயில், 0டபிள்யூ-40ஆ 5டபிள்யூ-40ஆ என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை.

இப்போது என் கதை. என்னுடையது 2001 வண்டி, அதாவது இரட்டை வரிசையிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாறிய காலத்துக்குள் சரியாக விழுகிறது. எது உள்ளே இருக்கிறது என்று கழற்றாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. என்ஜின் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அதெல்லாம் நம்பாதே, இடையில் மாற்றிய என்ஜினாக இருந்தால் என்ன செய்வாய் என்று இன்னொருவர். 8ஆ 1ஆ என்று தெரியாமல் முதல் ஒரு வருடம் ஓட்டினேன். ஓட்டினேன் என்பதை விட காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது சரி.

அந்த வருடத்தில் எனக்குக் கேட்காத சத்தம் இல்லை. குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் சில வினாடிகள் டக் டக் என்று அடிப்பது வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் ஏறும் வரை வரும் சாதாரணச் சத்தம், அது தெரியாமல் பேரிங் போய்விட்டது என்று நினைத்தேன். காலையில் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு புகை வீசி அடங்கும், சிலிண்டர்கள் படுக்கையாக இருக்கும் என்ஜினில் இரவு நிற்கும்போது கொஞ்சம் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிவது இயல்பு, பிஸ்டன் போய்விட்டது என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை எழுதியவர் பழைய போர்ஷே வைத்திருந்தாரோ என்னவோ.

ஒரு நாள் வண்டியின் பின்னாலிருந்து கிளுகிளு என்று ஒரு உலோகச் சத்தம், இந்த முறை கற்பனை இல்லை, கூட வந்தவருக்கும் கேட்டது. ஒரு பட்டறைக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் ஸ்டார்ட் செய்யச் சொன்னார், அரை நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டார், "பேரிங் கிளம்பிடுச்சு சார், இனிமே ஓட்டாதீங்க, இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார். கியர்பாக்ஸைக் கழற்றாமல், ஆயிலைக்கூட இறக்கிப் பார்க்காமல், காதாலேயே. நான் பயந்து சாவியைக் கொடுக்கப் போனேன், உண்மை. அப்புறம் ஏதோ தோன்றி வேறொரு மெக்கானிக்கிடம் மெதுவாக ஓட்டிப் போனேன், அவர் வண்டியை லிஃப்டில் தூக்கி, சைலன்சருக்கு மேலேயிருக்கும் சூடு தடுக்கும் தகட்டை விரலால் தட்டினார். ஒரு கூழாங்கல் கீழே விழுந்தது. கல்லை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் காசு வாங்கவில்லை.

அந்த இரண்டாவது ஆள்தான் எனக்கு ஃபில்டரை வெட்டக் கற்றுக்கொடுத்தார், இந்த விமர்சனத்தில் யாருக்காவது உபயோகமாக ஒன்று இருக்குமானால் அது இதுதான். இந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் ஒரு காகித உருளை, கீழேயிருக்கும் பிளாஸ்டிக் குடுவையைத் திருகிக் கழற்றினால் வெளியே வரும். ஆயில் மாற்றும்போது அதைக் குப்பையில் போடாமல், மேல் கீழ் வட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு, காகித மடிப்பை விசிறி மாதிரி நீளமாக விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்பாகப் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் செயின் உரசும் வழிகாட்டி தேய்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் அந்த பேரிங்கின் சீல் கிழிகிறது என்று சந்தேகிக்கலாம். மினுமினுப்பாக ஏதாவது இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டும், ஒட்டினால் இரும்பு, அதாவது பேரிங்கோ செயினோ. ஒட்டாவிட்டால் அலுமினியம், பிஸ்டன் அல்லது சிலிண்டர் பக்கம். ஓரிரு துகள் எந்தப் பழைய என்ஜினிலும் இருக்கும். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டாமல் போன முறையை விட இந்த முறை கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே ஆயில் தேங்கும் அடித்தட்டின் திருகாணியைக் காந்தம் வைத்த திருகாணியாக மாற்றிக்கொண்டேன், மலிவு.

முதல் தடவை நானே வெட்டியபோது என்ன ஆயிற்று என்று சொல்லாவிட்டால் நேர்மையில்லை. மடிப்புக்குள் ஒரு துண்டு, அரிசியில் பாதி அளவு, பளபளவென்று. காந்தத்தில் டக்கென்று ஒட்டியது. இரண்டு இரவு தூக்கம் போனது, வண்டியை விற்றுவிடலாமா, விற்றால் உண்மையைச் சொல்லி விற்பதா என்று வரைக்கும் யோசித்தாயிற்று. மூன்றாம் நாள் மேசையைச் சுத்தம் செய்யும்போது பார்த்தால், ஃபில்டரை வெட்டிய கட்டர் பிளேடின் நுனி உடைந்திருந்தது. துண்டை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது.

1,21,000 கிலோமீட்டரில் கிளட்ச் தேய்ந்து மாற்றும் கட்டம் வந்தது. அந்த பேரிங் கிளட்சுக்கும் ஃப்ளைவீலுக்கும் பின்னால்தான் இருக்கிறது, ஆகவே கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றினால் கூலி ஒன்றுதான். இதற்காகத் தனியாகப் பிரிப்பது வீண் என்று காத்திருந்தேன், அந்தக் காத்திருப்பு சரியா தவறா என்று இன்றும் என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. பிரித்தார்கள். உள்ளே இரட்டை வரிசை. அதாவது நான் பயந்தது 8க்கு, இருந்தது 1. எடுத்த பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். சீல் இறுகியிருந்தது, கிரீஸ் பெயருக்குக்கூட இல்லை, உள்ளே கறுத்த ஆயில், எல்லாம் படித்தபடியே. ஆனால் ஆட்டம் இல்லை, கரகரப்பு இல்லை, குண்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. நோயின் அறிகுறி எல்லாம் இருந்தது, நோய் மட்டும் இல்லை. செராமிக் குண்டுகள் கொண்ட மாற்று பேரிங் ஒன்றைப் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் பிரித்துவிட்டு பழையதையே போடும் தைரியம் எனக்கும் இல்லை. அதுவும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வதந்தியைக் கேலி செய்கிற நானும் அதற்குக் கப்பம் கட்டியவன்தான்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால் உடனே பேரிங் என்று கத்துவார்கள், பெரும்பாலும் அது கிராங்கின் பின் சீல், இந்த என்ஜினுக்கு அது கூடப்பிறந்த குணம், அதையும் கிளட்சோடு மாற்றிக்கொள்ளலாம். ஏர் ஆயில் செப்பரேட்டர் என்ற பகுதி பழுதானால் பின்னால் வரும் வண்டி தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை மண்டும், என்ஜினே போய்விட்டது என்றுதான் தோன்றும், ஆனால் மாற்ற வேண்டியது அந்த ஒரு பாகம். டிக்கியில் இருக்கும் கூலன்ட் தொட்டி வயதானால் விரிசல் விடும், கம்பளம் ஈரமாக இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள்.

சிலிண்டர் சுவரில் கோடு விழுவது பற்றி இப்போது பேரிங்கை விட அதிகம் பேசுகிறார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அதிகம் அடிபட்டவை 996இன் 3.6, அதற்கடுத்த தலைமுறை 911ஆன 997இன் முதல் கட்டத்து 3.8 போன்ற பெரிய என்ஜின்கள். குளிர் நாடுகளில் அதிகம், நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம் என்பார்கள். 986இன் 2.5, 2.7, 3.2 என்ஜின்களில் அது அபூர்வம். ஆனால் வதந்திக்கு லிட்டர் கணக்குத் தெரியாது, எம்96 என்று எழுதியிருந்தால் போதும், எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொள்ளும். 2009 மாடல் பாக்ஸ்டரில் வந்த புது என்ஜினில் அந்த இன்டர்மீடியட் ஷாஃப்டே கிடையாது, அந்த வண்டிக்காரரிடமும் "பேரிங் மாத்தியாச்சா" என்று ஒருவர் கேட்டதைக் கூட இருந்து பார்த்தேன்.

வதந்தி ஒரு பக்கம் பயமுறுத்துவது போலவே இன்னொரு பக்கம் கும்பிடவும் வைக்கும், இது அதிகம் பேசப்படாத விஷயம். அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 வண்டிகளில் இருந்தது வேறு என்ஜின், 917 பந்தயக் காரின் என்ஜினை வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படுவது. அதில் இந்த பால் பேரிங் இல்லை, ஆயில் அழுத்தத்தில் ஓடும் சாதாரண பேரிங். சிதறவே சிதறாத என்ஜின் என்று அதைப் பற்றிப் பேசுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். கண்ணை மூடினால் என்ன தெரியாமல் போகும் என்றால், அதன் கூலன்ட் குழாய் இணைப்புகள் பசை வைத்து ஒட்டப்பட்டவை, வயதானால் பிடி விட்டுக் கழன்று ஒரே நேரத்தில் மொத்தக் கூலன்ட்டையும் சாலையில் கொட்டிவிடும், அதைத் தடுக்க இணைப்பில் ஆணி மாதிரி பின் அடிக்கவோ வெல்டு வைக்கவோ வேண்டும். பின்னால் வரும் டயருக்கடியில் கூலன்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற வண்டிக்காரர்களிடமும் இதே பாட்டுதான். 8,000க்கு மேல் சுழலும் பிஎம்டபிள்யூ வி8, அதாவது 2007 முதல் 2013 வரையிலான எம்3 வைத்திருப்பவரிடம் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் போய்விடும். கழற்றிய பேரிங்குகளின் படத்தை வரிசையாக வைத்துச் செம்பு தெரிகிறது பார் என்பார்கள், ஆனால் அந்த வயதில் ஒரு நல்ல பேரிங் எப்படி இருக்கும் என்று காட்டும் படம் யாரிடமும் இருக்காது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி என்ஜின் சீக்கிரம் போய்விடும் என்ற பேச்சு அவ்வளவு வலுத்து, அமெரிக்காவில் நிறுவனமே 2008இல் என்ஜின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது, அங்கே வதந்தி ஜெயித்தது. 2014 தொடக்கத்தில் புது 911 ஜிடி3 இரண்டு தீப்பிடித்தபோது வதந்திக்கு நேரமே கிடைக்கவில்லை, போர்ஷே தானே முன்வந்து ஓட்டாதீர்கள் என்று சொல்லி, கனெக்டிங் ராடின் போல்ட் தளர்வதுதான் காரணம் என்று அறிவித்து, 785 வண்டிகளுக்கும் புது என்ஜின் போட்டுக் கொடுத்தது. நிறுவனம் வாயைத் திறந்தால் பேச்சு ஒரு மாதத்தில் அடங்குகிறது. திறக்காவிட்டால் என் வண்டி மாதிரி இருபது வருடம் ஓடுகிறது.

திரும்ப வாங்குவேனா என்றால், வாங்குவேன். வேகம் வேண்டும் என்பவருக்கு இது இல்லை, புதுசு மாதிரி உள்ளே மின்ன வேண்டும் என்பவருக்கும் இல்லை. சாலை, ஸ்டீயரிங், பின்னாலிருந்து வரும் அந்தச் சத்தம், இது போதும் என்றால் இதற்கு ஈடாக, இதே தொகைக்குள், வேறொன்று நான் ஓட்டவில்லை. தொகை இவ்வளவு கீழே இருப்பதற்குக் காரணமே அந்த பேரிங் பேச்சுதான், அந்த வகையில் எனக்கு அதன் மேல் கொஞ்சம் நன்றியும் உண்டு. பேரிங் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், கடைசி நாலு வருடத்து ஆயில் ரசீதுகளைக் கேளுங்கள், முடிந்தால் உங்கள் செலவில் ஆயிலை இறக்கி ஃபில்டரை வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒத்துக்கொள்கிற விற்பனையாளர் குறைவு, ஆனால் ஒத்துக்கொண்டவரின் வண்டியைத்தான் என் நண்பர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தேன். புது பிளேடு எடுத்துக்கொண்டு போங்கள்.

என்னிடம் இதுவரை வெட்டிய 11 ஃபில்டர்களின் படங்கள் தேதியும் கிலோமீட்டரும் போட்டு இருக்கின்றன. எனக்குப் பிறகு வாங்குகிறவருக்காக. இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை, அடுத்த ஆயில் 1,52,000இல்.